பங்க் டேங்க் ஒழுகினால் முதலில் யாருக்குத் தெரியும்?

21 அக்டோபர் 2024 (கேள்வி)

விழுப்புரம் பக்கம் எங்கள் வீடு. 40 மீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க், இருபது வருடத்துக்கு மேல் ஓடுகிறது. போன வாரம் முதல் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வாடை. பங்க்கில் கேட்டால், "எங்க டேங்க்கை கவர்மென்ட் வருஷா வருஷம் செக் பண்ணுது, ஒழுக வாய்ப்பே இல்ல" என்கிறார்கள். 50 மீட்டருக்குள் பங்க்கே இருக்கக்கூடாது என்று ஒருவர் சொல்கிறார். எது உண்மை?

21 அக்டோபர், இரவு 9.40 (பதில்)

வருடா வருடம் முத்திரை போடுவது பம்புக்கு, டேங்க்குக்கு இல்லை. எடையளவுச் சட்டப்படி தொழிலாளர் துறை ஆள் வந்து, ஐந்து லிட்டர் கேனில் பிடித்துப் பார்த்து, ஈயமுத்திரை குத்திவிட்டுப் போவார். டேங்க்குக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளவுச் சரிபார்ப்பு உண்டு. அது எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பது, ஒழுகுகிறதா என்று பார்ப்பது அல்ல. பங்க்காரர் பொய் சொல்லவில்லை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

50 மீட்டர் விஷயம்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் கொடுத்த வழிகாட்டுதல் அது. பள்ளிக்கூடம், பத்துப் படுக்கையோ அதற்கு மேலோ உள்ள ஆஸ்பத்திரி, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர். இடமே இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்போடு 30 வரை இறங்கலாம், அதற்குக் கீழே கிடையாது. புதிதாக வரும் பங்க்குக்குத்தான். உங்கள் பக்கத்து பங்க் அதற்கு முன்பே வந்துவிட்டது.

நான் யாரென்றால், கடலூர்ப் பக்கம் அப்பா டீலராக இருந்த பங்க்கில் 1994 முதல் கணக்கு எழுதியவன். இப்போது பங்க் எங்கள் கையில் இல்லை.

21 அக்டோபர், இரவு 9.55

ஒன்று விட்டுப்போனது. வாடை வருகிறதா என்று பார்க்கக் கிணற்றுக்குள் தீக்குச்சி கொளுத்திப் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், செய்பவர்கள் உண்டு. 1992 ஏப்ரலில் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் பெட்ரோல் கசிந்து சாக்கடைக்குள் இறங்கியது. தெருத்தெருவாக வெடித்து 200 பேருக்கு மேல் செத்தார்கள். ஆவி கனமானது, பள்ளத்தில்தான் போய் உட்காரும்.

22 அக்டோபர், காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்று சொல்லவில்லை. லோடு இறக்கும் வாய், பம்பு, வென்ட் பைப், இந்த மூன்றில் எது அருகில் இருக்கிறதோ அதிலிருந்து.

எழுதும்போதே உறைத்தது: அந்தப் பட்டியலில் டேங்க் இல்லை. மூன்றுமே ஆவி வெளியே வரும் இடங்கள். அதாவது அந்தத் தூரம் மூக்குக்கும் நெருப்புக்கும் போட்டது, கிணற்றுக்குப் போட்டதல்ல. அதே வழிகாட்டுதலில் கசிவைப் பற்றியும் பத்திகள் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது 50 மட்டும்தான்.

நம்முடைய சட்டங்களின் சாய்வே இதுதான். 1934 பெட்ரோலியம் சட்டம், 2002 விதிகள். லைசென்ஸ் கொடுப்பது நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு). பழைய ஆட்கள் இன்னும் "எக்ஸ்ப்ளோசிவ்ஸ் ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள். பெயரிலேயே வெடி இருக்கிறது. 1898-ல் வெடிமருந்தைக் கவனிக்க ஆரம்பித்த துறை அது. படிவம் 14-ல் லைசென்ஸ், கலெக்டர் என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று), வரைபடத்தில் டேங்க்குக்கும் வேலிக்கும் இடையே எத்தனை மீட்டர், வென்ட் பைப் எவ்வளவு உயரம், எர்த் எங்கே. எல்லாம் தீப்பிடிக்காமல் இருக்க. பெட்ரோலைத் தரைக்குள் புதைக்கச் சொல்வதே அதற்காகத்தான். தீக்கு அது நல்ல இடம். தண்ணீருக்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

22 அக்டோபர், இரவு

ஒருவர் "டெய்லி டிப் எடுக்கிறார்களே, ஒழுகினால் அன்றைக்கே தெரிந்துவிடாதா" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தெரியாது என்பதற்கு நானே சாட்சி, ஆனால் அது பெரிய கதை. முதலில் கணக்கு.

காலையில் டிப் ராடை, அதாவது அளவுக் கோலை, டேங்க்குக்குள் இறக்கி, ஈரம் எந்தக் கோடுவரை என்று பார்த்து, சார்ட்டில் லிட்டராக மாற்றுவோம். நேற்றைய இருப்பு, கூட்ட லோடு, கழிக்க விற்பனை. வர வேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் வேரியேஷன். அது ஒருநாளும் பூஜ்யமாக வராது. பூஜ்யமாக வந்தால் யாரோ உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறான் என்று அர்த்தம்.

லாரி வெயிலில் வரும். பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.12 சதவீதம் சுருங்கும். 12,000 லிட்டர் லோடு தரைக்குள் போய் ஐந்து டிகிரி குளிர்ந்தால் 72 லிட்டர் காணாமல் போகும், யாரும் திருடாமலே. ஆவியாகப் போவது தனி. ராடில் ஒரு கோடு தப்பாகப் பார்த்தால் நடு டேங்க்கில் பத்திருபது லிட்டர் தள்ளும். இதற்குள் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் ஒழுகினால் எங்கே தேடுவீர்கள்?

எண்ணெய் நிறுவன ஆய்வில் இருப்பு வித்தியாசத்துக்கு ஒரு எல்லை உண்டு, டேங்க்கில் இருப்பதில் கூடவோ குறையவோ 4 சதவீதம். 15,000 லிட்டர் இருந்தால் 600 லிட்டர். அந்தக் கோடு வெளியிலிருந்து சரக்கு வாங்கிக் கலக்கிறானா, கள்ளத்தனமாக விற்கிறானா என்று பிடிக்க வைத்தது. மண்ணுக்குள் போவதைப் பிடிக்க வைத்ததல்ல.

24 அக்டோபர்

சரி, கதை.

2003. எங்களிடம் இரண்டு டேங்க், பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று. பொங்கலுக்குப் பிறகு பெட்ரோலில் தினமும் குறைச்சல். பதினைந்து, இருபது, ஒருநாள் இருபத்தைந்து. அப்பாவுக்கு இரவு ஷிப்ட் பையன் மேல் சந்தேகம். எனக்கும்தான், அப்பா மேல் மட்டும் பழியைப் போட்டால் சரியில்லை. அவனிடம் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி இருந்தது. சம்பளத்துக்கு மீறி ஓட்டுகிறானே என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். மார்ச்சில் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டோம்.

குறைச்சல் நிற்கவில்லை. அடுத்து நாசில் அளவு கூடக் கொடுக்கிறது என்று சந்தேகித்தோம். பிறகு லாரி டிரைவர். பிறகு வெயில். ஒவ்வொரு மாதமும் ஒரு ஆள் கிடைத்தான். டேங்க்கை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு அதிசயம், குறைச்சல் நின்றது. ஒரு வாரம் சரியாக வந்தது. அப்புறம் கூட வர ஆரம்பித்தது. அப்பா சாமி படத்துக்குப் பூ வாங்கி வந்தார். நான் ராடு நுனியில் வாட்டர் பேஸ்ட் (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) தடவி இறக்கினேன். தங்கப் பழுப்பில் தடவிய பேஸ்ட் நாலு விரற்கடைக்கு ரத்தச் சிவப்பாக வந்தது. அடியில் தண்ணீர்.

கோடையில் நிலத்தடி நீர் டேங்க்குக்குக் கீழே இருந்ததால் பெட்ரோல் வெளியே போனது. மழையில் நீர்மட்டம் ஏறி டேங்க்கை மூழ்கடித்ததும் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வருடக் கணக்கில் இரண்டையும் கூட்டிப் பார்த்திருந்தால் வேரியேஷன் ஏறக்குறைய சரியாகக்கூட வந்திருக்கும்!

24 அக்டோபர், கொஞ்சம் கழித்து

ஓட்டை எங்கே என்று சொல்ல மறந்துவிட்டேன். டேங்க்கைக் காலி செய்து, தோண்டி, கிரேன் வைத்துத் தூக்கினோம். வெல்டிங்கில் இல்லை, பக்கத் துருவில் இல்லை. டிப் எடுக்கும் குழாய்க்கு நேர் கீழே, அடித்தகட்டில், பட்டாணி அளவில் ஒரு துளை. சுற்றி ஒரு கிண்ணம் போலத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. வருடக்கணக்காக ராடை 'டங்' என்று இறக்கி இறக்கி ஒரே இடத்தில் குத்தியிருக்கிறோம். அந்த இடத்தில் தடித்த தகடு ஒன்றைப் பற்றவைத்திருக்க வேண்டுமாம். எங்கள் டேங்க்கில் இல்லை.

ஒழுகுகிறதா என்று பார்க்கிற கோலே ஓட்டை போட்டிருக்கிறது. அந்தக் கோலைப் பிடித்தது பெரும்பாலும் என் கை.

27 அக்டோபர்

"மொத்தம் எவ்வளவு போயிருக்கும்" என்று கேட்டவருக்கு மூவாயிரம் லிட்டர் இருக்கும் என்று தனியாகச் சொல்லியிருந்தேன். தப்பு. பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி முதல் அக்டோபர் நடுவரை, சராசரி இருபது என்று வைத்தாலே ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. ஆவி, வெயில் என்று பாதியைக் கழித்து மனதுக்குள் குறைத்து வைத்திருக்கிறேன் போல.

தோண்டிய மண் ரோடு வரை நாறியது. அதை என்ன செய்தோம் என்று யாரும் கேட்கவில்லை. புது டேங்க்குக்கு வரைபடம் கேட்டார்கள், ஐஎஸ் 10987 என்ற இந்தியத் தரப்படி செய்ததா என்று கேட்டார்கள், டெஸ்ட் சான்றிதழ் கேட்டார்கள். மண்ணை இரண்டு டிராக்டரில் ஏற்றி ஒரு பள்ளத்தில் கொட்டினோம். எந்தப் பள்ளம் என்று இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

3 நவம்பர்

அமெரிக்காவில் இதெல்லாம் கறாராம், அங்கே எப்படி என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். மச்சான் ஒருவர் நியூஜெர்சியில் பங்க் நடத்துகிறார், அவரிடம் கேட்டதும் நான் படித்ததும் சேர்த்து.

அவர்களும் முதலில் நம்மைப் போலத் தீயை மட்டும்தான் பார்த்தார்கள். பூசாத வெறும் இரும்பு டேங்க்கை லட்சக்கணக்கில் புதைத்தார்கள். விழித்துக்கொண்டது எண்பதுகளில். விழிக்க வைத்த கசிவுகளில் ஒன்று பெட்ரோலே இல்லை. 1981 கடைசியில், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஃபேர்சைல்டு கம்பெனியின் சிப் தொழிற்சாலை டேங்க்கிலிருந்து டிசிஏ என்ற கரைப்பான் கசிந்து பக்கத்துக் குடிநீர்க் கிணற்றில் வந்தது. சிப் செய்கிற இடம் என்றால் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம் என்று ஊரே நம்பியிருந்தது. அந்த வட்டாரம் 1983-ல் தானே ஒரு விதி போட்டது, மாநிலம் அதைப் பின்தொடர்ந்தது, 1984-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. விரிவான விதிகள் 1988-ல். அதுவரை உள்ள பழைய டேங்க்குகளை 1998 டிசம்பர் 22-க்குள் மேம்படுத்து, இல்லை மாற்று, இல்லை மூடு என்று பத்து வருடக் கெடு.

எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, தலைகீழ் மாற்றம். ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை, ஒழுகவில்லை என்று டேங்க்காரர் தொடர்ந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு, பணம். ஒவ்வொரு கேலனுக்கும் 0.1 சென்ட் வரி போட்டு, சுத்தம் செய்ய ஒரு நிதி 1986 முதல். டேங்க்காரரும் கசிவுக்குப் பணம் கட்ட வழி வைத்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும், பங்க் என்றால் ஒரு சம்பவத்துக்குப் பத்து லட்சம் டாலர். மச்சான் டாலரில் புலம்புவது இந்த இன்சூரன்ஸைப் பற்றித்தான்.

4 நவம்பர்

நேற்று கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டேன்.

டிப் கணக்கை அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். மாத எல்லை: கையாண்டதில் 1 சதவீதம், கூட 130 கேலன். மாதம் 60,000 லிட்டர் ஓட்டுகிற பங்க்குக்குப் போட்டுப் பாருங்கள். 600 லிட்டர், 130 கேலனுக்கு 492 லிட்டர், மொத்தம் 1,092. நம் 600-ஐ நான் கிண்டல் செய்தேனே! (இரண்டும் ஒரே அளவு அல்ல, அது மாதக் கணக்கு, இது இருப்பின் மேல். இருந்தாலும்.) என்னுடைய 2003 ஓட்டை அமெரிக்காவிலும் அந்தக் கோட்டுக்குள் நிம்மதியாக ஒழுகியிருக்கும்.

ஆனால் வித்தியாசம் இங்கே: கோல் போதாது என்று அவர்களே விதியில் ஒப்புக்கொண்டார்கள். டேங்க் புதைத்து பத்து வருடம் வரைதான் கோலை நம்பலாம், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இறுக்கச் சோதனை செய்தால். அந்தச் சோதனை மணிக்கு 0.1 கேலன் கசிவைப் பிடிக்க வேண்டும். நாளுக்கு ஒன்பது லிட்டர் வருகிறது. பத்து வருடத்துக்கு மேல் மின்னணு அளவி மாதிரி வேறு வழி பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு அங்கே உறுதியான கசிவுகள் ஐந்து லட்சத்துக்கு மேல். தேடியதால் கிடைத்த எண் அது என்பதையும் சொல்ல வேண்டும். தேடாத ஊரில் எண் சின்னதாகத்தான் இருக்கும்.

5 நவம்பர்

"தண்டையார்பேட்டையில் டேங்க் ஒழுகித்தானே போர் தண்ணீரெல்லாம் போனது" என்று ஒருவர். இல்லை. 2013-ல் அங்கே வீட்டு போர்களில் எண்ணெய் வந்தது துறைமுகத்திலிருந்து டெர்மினலுக்கு வரும் குழாய் கசிந்து. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. குழாய் வேறு, டேங்க் வேறு. ஆனால் அங்கேயும் முதலில் கண்டுபிடித்த கருவி மோட்டார் போட்ட வீட்டுக்காரரின் மூக்குதான்.

குழாய் என்றதும் ஒன்று. எங்கள் பழைய பம்பு உறிஞ்சும் வகை. அதில் ஒரு நன்மை: குழாயில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே பீய்ச்சாது, காற்று உள்ளே வரும், உள்ளே நிற்கும் எண்ணெய் டேங்க்குக்கே திரும்பிவிடும். காலையில் முதல் வண்டிக்கு நாசில் 'புஸ் புஸ்' என்று இருமும். டேங்க்குக்குள்ளேயே மோட்டார் இறக்கித் தள்ளுகிற பம்பில் அப்படி இல்லை, ஓட்டை விழுந்தால் தள்ளிக்கொண்டே இருக்கும். இருமுகிற பம்பைத் திட்டாதீர்கள்.

9 நவம்பர்

தலைப்பை விட்டு விலகுகிறேன். போபால் ஆலையில் விஷவாயு கிளம்பிய இ-610 டேங்க்கும் பாதி புதைத்து கான்கிரீட் போட்டு மூடியதுதான். அமெரிக்காவில் புதைத்த டேங்க்குகளுக்கான சட்டம் கையெழுத்தானது 1984 நவம்பர் 8. போபால் அதே வருடம் டிசம்பர் 2 இரவு. 24 நாள் இடைவெளி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, அது ஒழுகல் சட்டம், இது விஷவாயு. நமக்கு 1986 சுற்றுச்சூழல் சட்டமும், 1989 அபாய ரசாயன விதிகளும் போபாலுக்குப் பிறகு வந்தவை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, அதனால் எழுதினேன்.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழை. இரண்டு நாள் கரண்ட் இல்லை. பழைய பங்க்கைப் போய்ப் பார்த்தேன், முழங்கால் தண்ணீர். இப்போதைய டீலர், "அண்ணே, டேங்க் மிதக்குமா?" என்றார். ஃபுல்லாக வைத்திருந்தால் மிதக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2 டிசம்பர், இரவு

தப்பாகச் சொல்லியிருக்கிறேன், அவருக்குப் போனும் போட்டுவிட்டேன். 20,000 லிட்டர் டேங்க் தள்ளும் தண்ணீர் 20 டன். அதில் முழுக்க பெட்ரோல் நிரப்பினாலும் 15 டன்தான், பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. டேங்க்கின் சொந்த எடை சில டன். நிரப்புவது உதவும், ஆனால் உண்மையில் பிடித்து வைப்பது மேலே உள்ள மண்ணும் கான்கிரீட்டும், அடியில் கட்டிய பட்டைகளும். பட்டை துருப்பிடித்த காலி டேங்க் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு மேலே வரும்.

மழைக்குப் பிறகு பங்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்து வருகிறது. தண்ணீர் புகுந்தால் முதலில் எத்தனாலோடு கலந்து மறைந்துவிடும், அளவு மீறியதும் இரண்டும் சேர்ந்து அடியில் தனிப் படலமாக உட்காரும். பழைய பேஸ்ட் அதை நம்பிக்கையாகக் காட்டாது, எத்தனாலுக்கு என்று தனிப் பேஸ்ட் இருக்கிறது. 2003-ல் என்னைக் காப்பாற்றிய சிவப்பு இப்போது வந்திருக்குமா என்று தெரியவில்லை.

8 டிசம்பர்

அந்த இரவு ஷிப்ட் பையனைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்த 2003 நவம்பரிலேயே அப்பா அவன் வீட்டுக்குப் போனார். அவன் அதற்குள் திருப்பூர் போய்விட்டான். அவன் அம்மா அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பா வாசலில் உட்கார்ந்து குடித்துவிட்டு, என்ன சொல்ல வந்தாரோ அதைச் சொல்லாமல் வந்துவிட்டார்.

14 டிசம்பர்

கேள்வி கேட்டவர் வீட்டுக்கு நேற்று போய் வந்தேன். கலெக்டர் ஆபீஸுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அவர் மனு கொடுத்திருக்கிறார், என்ஓசி கொடுத்தவரிடமே கேட்பதுதான் சரி. நான் பழைய முறையில் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து, கையில் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு முகர்ந்தேன். பெட்ரோல் என்றால் பறந்துவிடும். இது போகவில்லை, பிசுக்கும் இருந்தது. டீசல் என்றே தோன்றியது.

பங்க்கில் டீசல் டேங்க் அந்தக் கோடியில், கிணற்றிலிருந்து இன்னும் தள்ளி. கிணற்றை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஜெனரேட்டர் ரூம். அதன் பின்னால் தரையில் ஒரு மூடி. புதைத்த டேங்க், 900 லிட்டராம். டீசல் என்றால் மொத்தம் 2,500 லிட்டர் வரை, ஒரு கொள்கலன் 1,000-க்கு மேல் போகாமல் இருந்தால், பெட்ரோலியம் சட்டத்தில் லைசென்ஸே வேண்டாம். வரைபடம் இல்லை, முத்திரை இல்லை, பெசோ இல்லை. அதுதான் ஒழுகுகிறது என்று நான் சொல்லவில்லை, சோதித்தால்தான் தெரியும்.

மண்டப மேனேஜர் நல்ல மனிதர், மூடியைத் திறந்தே காட்டினார். டிப் எடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? ஜெனரேட்டர் நின்னா ஊத்துவோம்."

கடைசியாக எப்போது ஊற்றினீர்கள் என்றேன். ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால் ரொப்பினார்களாம். மழையில் கரண்ட் போன இரண்டு நாளும் ஜெனரேட்டர் ஓடவில்லை, மண்டபம் பூட்டிக் கிடந்தது. அவர் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வந்து உள்ளே விட்டார். பாதிக்கும் கீழேதான் நனைந்திருந்தது. குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாட்ச்மேன் மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம் சார்" என்றார்.